ஒரு வாய் குறைக்க

பக்கத்து வீட்டுச் சோக்மான் அண்ணனின் கால்மேல் சுரங்கக் கூரையின் தாங்குகட்டை சரிந்து விழுந்தது அக்டோபர் மாதம் முதல் வாரத்தில். நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்கள் கட்டிக் கொடுத்த வரிசையில் எங்களுக்குப் பதினொரு வீடுகள். வீடு என்ன வீடு, ஒரே நீளக் கொட்டகையைப் பலகை வைத்துத் தடுத்துப் பதினொன்றாக்கியிருந்தார்கள். ஒன்பதாவது கதவு அவர்களுடையது, பத்தாவது எங்களுடையது. இந்தப் பக்கம் நான் மூக்கைச் சிந்தினால் அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவி மல்சுன் அக்கா, "என்ன புதுப்பொண்ணு, சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்பாள். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அவர்கள் வீட்டில் ஒன்பது பேர். அண்ணன், அக்கா, ஏழு பிள்ளைகள். மூத்தவன் டோங்சிக்குக்குப் பதினாறு. கடைக்குட்டிக்கு இன்னும் பல் முளைத்து முடியவில்லை. அண்ணன் முழங்கால்வரை மாவுக்கட்டோடு வீடு வந்து சேர்ந்தார். வசந்தம் வருவதற்குள் சுரங்கத்தில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பளம் பாதியானது. மாதாமாதம் கிடைக்கும் அரிசிச் சீட்டும் பாதியானது. பிள்ளைகளின் வயிறு மட்டும் அப்படியே இருந்தது.

செய்தி கேட்டு, மாதக் கடைசியில் அண்ணனின் அக்கா சுன்போக் பஸ் ஏறி வந்தாள். தலைநகரில் ஒரு மரவியாபாரி வீட்டில் சமையல்காரி. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. இரண்டு கிலோ சர்க்கரையும் தம்பிக்கு ஒரு கட்டு சிகரெட்டும் வாங்கி வந்திருந்தாள். மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தாள், பிள்ளைகளை வரிசையாகத் தலை தடவினாள். மூன்றாவதாகப் பிறந்த இன்சுக்கின் தலையில் வந்ததும் கை நின்றது.

"இவளுக்குப் பதிமூணு ஆச்சுல்ல?"

"ஆச்சு அண்ணி," என்றாள் மல்சுன் அக்கா.

"எங்க முதலாளியம்மா ஒரு பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க. பாத்திரம் கழுவ, குழந்தையத் தூக்கிக்க. மூணு வேள வெள்ளச் சோறு. புது வருசத்துக்குத் துணி எடுத்துக் குடுப்பாங்க. நான் அதே அடுப்படியிலதான இருக்கேன், பாத்துக்க மாட்டேனா? இங்கயும் சாப்பிடற வாய்ல ஒண்ணு கொறையும்."

நான் அப்போது அவர்கள் அடுப்படி வாசலில் முள்ளங்கி நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா சொல்றதும் சரிதானே," என்றார். அவருக்கே கேட்காத குரலில்தான் சொன்னார்.

மல்சுன் அக்கா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஒரு ஆளுக்கு ஆகுற செலவு கொறையணும், அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"அந்தச் செலவ நான் கொறச்சுக் காட்டறேன். ஆளக் கொறைக்காம. இருவது நாள் குடுங்க. குளிர்காலக் கிம்ச்சி போட்டு முடிக்கிற வரைக்கும்."

"எதுல கொறைப்ப? ஏற்கெனவே பார்லிக்கு நடுவுல அரிசியத் தேட வேண்டியிருக்கு. எதுல, சொல்லு?"

"அது தெரிஞ்சா இப்பவே சொல்லிட மாட்டேனா? தேடறேன்."

"பிடிவாதக்காரி," என்றாள் சுன்போக். "இருவத்தோராம் நாள் வருவேன். அவ துணிய மூட்டை கட்டி வை."

அன்று சாயங்காலமே தேட ஆரம்பித்துவிட்டாள். அவர்களுக்கு இரண்டு அறை, இரண்டு அடுப்பு. அடுப்புச் சூடு தரைக்கு அடியில் போய் அறையை வெதுவெதுப்பாக்கும். பின்னறையின் அடுப்பை அணைத்து, வாயை மண் வைத்துப் பூசினாள். ஒன்பது பேரும் முன்னறையில். குறுக்கே படுத்தால் இடம் போதவில்லை. தலைக்குக் கால், காலுக்குத் தலை என்று அடுக்கினாள். "மத்தி மீன் டப்பாவில இப்படித்தான் இருக்கும். அது என்னைக்காவது புகார் சொல்லிச்சா?" என்று பிள்ளைகளைச் சிரிக்க வைத்தாள். ஒரு நாளைக்கு இரண்டு கரிக்கட்டி மிச்சம்.

காலையில் பார்லியோடு பாதிக்குப் பாதி முள்ளங்கி சீவிப் போட்ட சோறு. சாயங்காலம் சோறே கிடையாது. கோதுமை மாவைப் பிசைந்து, கொதிக்கும் நெத்திலித் தண்ணீரில் பிய்த்துப் போட்ட கஞ்சி. அதே நெத்திலியைக் காயவைத்து மறுநாளும் கொதிக்கவிடுவாள். மூன்றாம் நாள் அதை வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். சுன்போக் கொண்டுவந்த சர்க்கரையைப் பிரிக்காமல் கடைக்காரரிடம் கொடுத்து மாவாக மாற்றிக்கொண்டாள். சிகரெட்டை மட்டும் தொடவில்லை, அது புருஷனுடையது என்று விட்டுவைத்தாள். நான்காம் நாள் அண்ணனே டோங்சிக்கைக் கூப்பிட்டு, "இதையும் கடையில குடுத்துட்டு மாவு வாங்கிட்டு வா," என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். புகையிலை போன கோபம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கம்பளித் துணிக்கு என்ன செய்வது? அதற்கு வழி சொன்னது இன்சுக்தான். சுரங்கத்து ஆட்கள் கிழிந்த வெள்ளை நூல் கையுறைகளை தலைவிளக்குகளைத் திருப்பிக் கொடுக்கும் விளக்கறை வாசலில் வீசிவிட்டுப் போவார்கள். அவள் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கி வந்தாள். சாம்பல் தண்ணீரில் மூன்று முறை அவித்தும் அவை வெள்ளையாகவில்லை, சாம்பல் நிறத்தில் நின்றன. ஒவ்வொன்றின் மணிக்கட்டிலும் நூல் முனையைத் தேடி உருவிப் பந்தாகச் சுற்றினாள். பிறகு சைக்கிள் கம்பிகளைத் தேய்த்து ஊசியாக்கிப் பின்ன உட்கார்ந்தாள்.

"நூல உருவுறத நான் செய்யறேன்," என்றார் அண்ணன், சும்மா படுத்திருக்க முடியாமல். இரண்டு நாளில், "அந்தக் கம்பியையும் இப்படிக் குடு," என்றார்.

"அப்பா, கண்ணிய இறுக்காதீங்க. பாறைன்னு நெனச்சு இடிக்கிறீங்க. மெதுவா."

"மெதுவாத்தான் போறேன்."

"இது மெதுவா? ஊசி வளைஞ்சு போச்சு பாருங்க."

அவரைப் பார்க்க வந்த கூட்டாளிகள் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். "டேய், கரியப் பேத்த கை கண்ணி போடுதுடா! எனக்கு ஒரு ஜோடி காலுறை போட்டுக் குடு, சோக்மான்."

"போட்டுத் தரேன். பத்து ஜோடி கிழிஞ்ச கையுறை கொண்டு வா. ஒண்ணு உனக்கு, மிச்சம் எனக்கு," என்றார் அண்ணன் தலை நிமிராமல். மறுநாள் நிஜமாகவே வந்தது.

ஆனால் பெரிய செலவு அதுவெல்லாம் இல்லை. குளிர்காலத்துக் கிம்ச்சிதான், உப்பும் காரமும் போட்டுப் புளிக்கவைக்கும் கோஸ். நவம்பரில் போட்டுப் புதைக்கிற ஜாடிகள்தான் மார்ச் வரைக்கும் குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாம். ஒன்பது பேருக்கு நூற்றைம்பது கோஸ் வேண்டும். மிளகாய்த் தூள், மீன் உப்புநீர், பூண்டு, அப்புறம் உப்பு. வருடத்தில் அந்த ஒரு மாதம் எல்லா வீடுகளிலும் சம்பளம் மொத்தமும் அதற்கே போகும்.

"எங்கூட வரியா புதுப்பொண்ணு?" என்றாள் மல்சுன் அக்கா ஒரு காலையில். சுமை கட்டும் முதுகுச் சட்டத்தை டோங்சிக் மாட்டிக்கொண்டிருந்தான். எங்கே என்று கேட்காமல் போனேன். மலை முகட்டைத் தாண்டி இரண்டு மணி நேரம் நடை. அந்தப் பக்கச் சரிவில் கோஸ் வயல்கள். லாரிகள் வந்து நல்ல கோஸை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தன. நிலம் முழுக்க வெளி இலைகளும் சப்பிப்போன கோஸ்களும் உறைபனியில் வெளுத்துக் கிடந்தன. நாங்கள் குனிந்த உடனே வயல்காரர் கத்திக்கொண்டு வந்தார்.

"யார் அது? அது மாட்டுக்கு! எடுக்காதீங்க!"

மல்சுன் அக்கா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எத்தன மாடு, ஐயா?"

"ரெண்டு."

"ரெண்டு மாடு இத்தனையும் தின்னா வெடிச்சுப்போகும். மிச்சத்த என்ன செய்வீங்க?"

"உழுது புதைப்பேன். அது என் பாடு."

"அடிக்கட்டை எல்லாம் நிலத்துலயே நிக்குது. உறைஞ்சுபோச்சுன்னா ஏர் இறங்காது. அதப் பிடுங்க ஆளு இருக்கா?"

அவர் வயலைப் பார்த்தார். ஆள் இல்லை என்று தெரிந்தது; இளவட்டங்கள் எல்லாம் எங்கள் சுரங்கத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

"நாங்க பிடுங்கறோம். பிடுங்கி வரப்போரமாக் குவிச்சுத் தரோம். உங்க மாட்டுக்கு வேண்டியதக் களத்துல சேத்துடறோம். அதுக்கு மேல இருக்கற இலை எங்களுக்கு."

"எத்தன பேர் நீங்க?"

"இன்னைக்கு மூணு. நாளைக்கு ஏழு. பொடிசுங்கதான், ஆனா சாப்பாடு கேக்காதுங்க, கொண்டுவந்துடும்."

ஐந்து நாள் பிடுங்கினோம். மூன்றாம் நாள் மழையும் பனியும் கலந்து கொட்டியது. விரல் மடங்கவில்லை. இன்சுக்கும் அடுத்தவளும் அழுதுகொண்டே பிடுங்கினார்கள். திரும்பிவிடலாம் அக்கா என்று நான்தான் முதலில் சொன்னேன், எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. "நீ போ புதுப்பொண்ணு, கோபமில்ல. எனக்கு இன்னும் நாலு வரிசை இருக்கு," என்றாள். நான் போகவில்லை. வயல்காரரின் மனைவி ஒரு சட்டி நிறைய அவித்த உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து வரப்பில் வைத்துவிட்டுப் போனாள். தோலோடு தின்றோம். கடைசி நாள் அந்த மனுஷன் முற்றாத நாற்பது கோஸைத் தனியாகச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். "ஏர் இறங்குது," என்றார்.

இதற்கு நடுவில்தான் அது நடந்தது.

ஒரு மத்தியானம் மல்சுன் அக்கா ஒரு கிண்ணம் மாவோடு என் வீட்டு வாசலில் நின்றாள்.

"இத வாங்கிக்க. என் பொண்ணு நாலு நாளா உன் வீட்டுலயே சாயங்காலம் சாப்பிடறா. உன் புருசனும் உழைச்சுத்தான கொண்டு வரான்? சும்மா திங்க வைக்க எனக்கு மனசு வரல."

"எந்தப் பொண்ணு?"

"இன்சுக்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா, அவ சாயங்காலம் வரா, உக்காந்து பின்றா. சாப்பிடச் சொன்னா, வீட்டுல சாப்பிட்டுத்தான் வந்தேங்கறா. எங்க வீட்டுல அவ ஒரு பருக்கை தின்னதில்ல."

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குழாயடிக்குப் போய் இன்சுக்கைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கதவு திறந்தே இருந்தது. நான் மாவுக் கிண்ணத்தோடு வாசலில் நின்றேன்.

"எத்தன நாளா?"

"நாலு நாள்."

"எதுக்குடி?"

"அத்தை வந்து கேட்டா, ஒரு வாய் கொறஞ்சாச்சுன்னு நீங்க சொல்லலாம்ல. நான் காலையில மட்டும் தின்னுக்கறேன். பழகிருச்சும்மா, பசிக்கவே இல்ல."

"கொறைக்கறேன்னு நான் சொன்னது செலவ. உன்னைய இல்ல!" அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

இன்சுக் பின்வாங்கவில்லை. "அப்ப நீங்க?" என்றாள்.

"நான் என்ன?"

"உங்க கிண்ணத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? எங்களுக்குப் போட்டுட்டு அடுப்படியிலயே சாப்பிட்டேங்கறீங்க. சட்டியில ஒட்டினதுல வெந்நி ஊத்திக் குடிக்கறீங்க. அது மட்டும் கொறைக்கறது இல்லையா?"

உள்ளே அண்ணனின் கையிலிருந்த கம்பி தரையில் விழுந்தது. அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு அடுப்படிப் படிவரை வந்து, அந்தப் படியிலேயே உட்கார்ந்தார்.

"அகப்பையக் குடு," என்றார் மனைவியிடம்.

"எதுக்கு?"

"குடுன்னா குடு. இனிமே நான் பரிமாறுறேன். ஒம்பது கிண்ணமும் என் முன்னால வரணும். ஒம்பதும் ஒரே அளவு. கடைக்குட்டிக்குக் கொஞ்சம் கம்மி."

"ஆம்பள அகப்பையப் பிடிச்சா வரிசையே சிரிக்கும்."

"ஊசியப் பிடிச்சப்பவே சிரிச்சு முடிச்சாச்சு."

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் ஒன்பது பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மல்சுன் அக்கா தலை குனிந்து சாப்பிட்டாளாம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு சூடாகச் சாப்பிட்டேன், நாக்கு வெந்துபோச்சு என்று மறுநாள் என்னிடம் சொன்னாள். எனக்கு வாங்கிக்கொள்ள மனமில்லாத அந்த மாவுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் சொன்னாள்.

கோஸ் கிடைத்தது. மிளகாயை வெறும் நிறத்துக்குக் காட்டிக்கொள்ளலாம். உப்புக்கு என்ன செய்வது? ஒன்பது பேருக்கான இலையை ஊறவைக்க இரண்டு மூட்டை உப்பாவது வேண்டும். வரிசையில் ஒவ்வொரு வீடாகக் கிம்ச்சி போட ஆரம்பித்திருந்தார்கள். மல்சுன் அக்கா பத்து வீட்டுக்கும் போனாள். கோஸ் பிளக்க, கழுவ, மசாலா தடவ. வழக்கமாகக் கூலியாக ஒரு பாத்திரம் புதுக் கிம்ச்சி கொடுப்பார்கள். அவள் வேறொன்று கேட்டாள்.

"நீங்க கோஸ் ஊறவச்ச உப்புத் தண்ணிய என்ன செய்வீங்க?"

"ஓடையிலதான் கொட்டுவோம்."

"எனக்குக் குடுங்க."

முதலில் சிரித்தார்கள். பிறகு வாளி வாளியாகக் கொண்டுவந்து அவள் தொட்டியில் ஊற்றினார்கள். துணியில் வடிகட்டி, பாதியாக வற்றக் காய்ச்சி, அதில் இலைகளை அமுக்கினாள். நான் கொடுத்த தண்ணீரோடு என் மசாலா அண்டாவையும் அவளே வாங்கிப்போய்க் கழுவினாள். அந்தக் கழுவிய தண்ணீரும் வீணாகவில்லை, சிவப்பாக ஜாடிக்குள் போனது. அவள் வாங்கியது அரை மூட்டை உப்பு மட்டும். ஆறு ஜாடிகள் நிரம்பின. டோங்சிக்கும் என் கணவரும் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டி ஐந்தைப் புதைத்தார்கள். ஆறாவதற்குக் குழி போடும் இடத்தில் பாறை வந்துவிட்டது. அதை அடுப்படியிலேயே வைத்து முதலில் தின்ன ஆரம்பித்தார்கள்.

இருபத்தோராம் நாள் சுன்போக் வந்தாள். மத்தியானம். அவளுக்காகக் காலைச் சோற்றை அதுவரை தள்ளிப்போட்டிருந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே வந்தவள் தம்பி அகப்பையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னடா கோலம் இது?"

"உக்காரு அக்கா. கிண்ணத்தக் குடு."

முள்ளங்கிச் சோறும் இலைக் கிம்ச்சியும். சுன்போக் ஒரு வாய் எடுத்து மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"தோல் மாதிரி இருக்கு. உப்புக் கரிக்குது."

"பத்து வீட்டு உப்பு அண்ணி, கரிக்காம என்ன செய்யும்?" என்றாள் மல்சுன் அக்கா. பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். அணைத்த அடுப்பு, நெத்திலி, கையுறை, வயல், உப்புத் தண்ணீர். "இன்சுக்குக்கு ஆகுற செலவும் கொறஞ்சாச்சு, இன்னொரு ஆளுக்கு ஆகுறதும் கொறஞ்சாச்சு. வேணும்னா நீங்களும் இங்க வந்து இருங்க, இடிக்காது."

சுன்போக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் கோபப்படப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"என்னைய அனுப்பினப்ப எனக்குப் பதினொண்ணு," என்றாள். "பஞ்ச வருசம். அம்மா ஒரே வார்த்தை சொன்னா: தம்பி சாப்பிடணும். நான் சரின்னு போனேன். முப்பத்தெட்டு வருசமா அடுத்தவங்க அடுப்படி. நான் செத்தா போயிட்டேன்? அதான் இவளையும் கூப்பிட்டேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் கூப்பிட்டேன்." கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்தபடி, "எனக்கும் ஒரு துணை ஆச்சேன்னு," என்றாள்.

அண்ணன் அகப்பையைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாது அக்கா. வேலை பிடிச்சு நீயாப் போனேன்னுதான் அம்மா சொன்னாங்க."

"உனக்கு அப்ப மூணு வயசு. உனக்கு என்னடா தெரியும்?"

"என் சோறு உன்னோடதா?"

"இப்ப என்ன, திருப்பித் தரப்போறியா? போடு, இன்னும் ஒரு கரண்டி. கரிச்சாலும் பரவாயில்ல."

இன்சுக் எழுந்து போய், அண்ணன் பின்னி முடித்திருந்த காலுறை ஒரு ஜோடியைக் கொண்டுவந்து அத்தையின் மடியில் வைத்தாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. "அப்பா போட்டது. இது ரெண்டும் ஜோடிதான் அத்தை, நம்புங்க," என்றாள். சுன்போக் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நான்கு மணி பஸ். எல்லோரும் நிறுத்தம்வரை போனோம். அண்ணன் மட்டும் வாசலில் கோலூன்றி நின்றார். சுன்போக் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டுகளை எடுத்தாள். இன்சுக்கைக் கூட்டிப்போவது உறுதி என்று வரும்போதே திரும்ப இரண்டு பேருக்கும் வாங்கி வைத்திருக்கிறாள். ஒன்றைக் கண்டக்டர் பெண்ணிடம் நீட்டி, "இது வேணாம், காசு குடு," என்றாள்.

"கிழிச்ச டிக்கெட்டுக்குக் காசு கிடையாது அம்மா."

"ஆள் வரலையே!"

"வராதது என் தப்பா? சீக்கிரம் ஏறுங்க."

"இருங்க," என்றாள் மல்சுன் அக்கா. திரும்பி ஓடினாள். பஸ் ஹாரன் அடித்தது, டிரைவர் கத்தினார், நானும் டோங்சிக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் ஒரு சின்ன ஜாடியைத் துணியில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். நேராகப் படியேறி, சுன்போக்குக்குப் பக்கத்து இருக்கையில், ஜன்னலோரமாக, அதை உட்கார வைத்தாள்.

"ஜாடிய எல்லாம் சீட்டுல வைக்கக்கூடாது!" என்றாள் கண்டக்டர்.

"டிக்கெட் இருக்கு," என்றாள் மல்சுன் அக்கா. "குடுத்த காசு வீணாகுறது எனக்குப் பிடிக்காது."

கண்டக்டர் பெண் டிக்கெட்டைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், பிறகு விசில் ஊதினாள். பஸ் நகர்ந்தது. மலைத்திருப்பத்தில் ஜாடி சாய்ந்துவிடாமல் இருக்கச் சுன்போக் அதைச் சுற்றிக் கையைப் போட்டு, தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இன்சுக் கையசைத்தாள். அம்மாவும் பிள்ளைகளும் திரும்பி மேட்டில் ஏறினார்கள். மாவு பிசைய நேரமாகிவிட்டிருந்தது.